செல்லாக் காசு

காலை எட்டரைக்கு வந்தார் ஃபெனுசுவா,
வலது காலைச் சாக்குத்துணியில் சுற்றிக்கொண்டு.
அவிழ்க்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்,
தனக்காக அல்ல, எனக்காக.

கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை
பூக்கோசு பூத்தாற்போல் என்கிறது பாடநூல்.
மண்ட்ராரே ஆற்றங்கரையில்
யார் கண்டார்கள் பூக்கோசை?
"கறையான் புற்று" என்றார் அவர்.
சீட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

பதினொரு வருடத்துக்கு முன்
சீசல் கத்தாழைத் தோட்டம்,
எழுபதாவது வரிசையோ எழுபத்தொன்றோ.
மடலின் நுனிமுள் டயர்ச் செருப்பைத் தாண்டி ஏறியது.
பிடுங்கி எறிந்தார்.
எச்சில் தொட்டு வைத்தார்.
முப்பது மடல் ஒரு கட்டு,
கட்டுக்கு இத்தனை அரியாரி.
முள்ளுக்கு யார் கணக்கு வைப்பது?

முள் போயிற்று.
முள்ளோடு வந்தது போகவில்லை.
உதிர்ந்து மக்கிய முள்ளில் குடியிருக்கும் கரும்பூசணம்.
அதற்கு யார்மேலும் பகையில்லை.
இடம் கிடைத்தது, இருந்துகொண்டது.
மூன்று பஞ்சம் வந்து போவதற்குள்
ஒரு சாண் ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

கரும்புள்ளி இருந்த இடமாய்ப் பார்த்துச் சுரண்டினேன்.
ஒரு சொட்டுக் காரம். மேலே கண்ணாடிச் சில்லு.
இருபது நிமிடம் என்று போட்டிருக்கும்,
மின்சாரம் போய் வந்ததில் முக்கால் மணி ஆயிற்று.
நாற்பது மடங்கு வில்லையைத் திருப்பினேன்.
இருந்தன:
உருண்டையாய், பழுப்பாய்,
நடுவே குறுக்குக் கீறலோடு
தேய்ந்த செப்புக் காசுகள்.
ஐந்து. ஓரத்தில் ஒட்டியபடி இன்னும் இரண்டு.
பாடத்தில் இவற்றுக்குச் செல் என்று பெயர்.

நோயாளிக்குக் காட்டக் கூடாது. காட்டினேன்.
ஒரு கண்ணை மூடினார்.
பிறகு அதைத் திறந்து மற்றதை மூடினார்.
வெகுநேரம் பார்த்தார்.
"பணம் மாதிரி இருக்கே."
"ஆமாம்."
"யார் தலை போட்டிருக்கு?"
தலை எதுவும் இல்லை என்றேன்.
"அப்போ செல்லாது" என்றார்.
"பதினோரு வருசமா சேர்த்திருக்கேன் ரமத்துவா,
ஒரு ஆடுகூட வாங்க முடியாதா?"

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மாத்திரை வேண்டியது ஒரு வருடத்துக்கு.
வந்திருந்தது நான்கு மாதத்துக்கு.
காலை ஒன்று, இரவு ஒன்று,
வயிறு நிறையச் சாப்பிட்ட பின்
என்று வாசித்துக் காட்டும்போதே
நாக்கு கூசியது.
வெளியே, மழை பெய்யாத ஐந்தாம் மாதம்.
புளியைச் சாம்பலோடு பிசைந்து
பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.
"நிறையாவிட்டால்?"
"மருந்து பாதிதான் உடம்பில் சேரும்."
"பாதி போதும். பாதிக்குப் பழகின உடம்பு."

ஆறு வாரம் கழித்து மகளோடு வந்தார்.
அவிசுவா. பதினேழு வயது. மடல் சுமக்கிறாள்.
மணிக்கட்டில் மிளகளவு ஒரு தடிப்பு.
அவர் காலில் மாற்றமே இல்லை.
மாத்திரை டப்பாவைத் திறந்தேன்,
கணக்காகக் குறைந்திருந்தது.
கேட்டேன்.
"அவளுக்குச் சின்னது, சீக்கிரம் தீர்ந்துடும்.
நான்தான் ஏற்கெனவே பணக்காரனாச்சே."

அவளுடையதைச் சுரண்டி வைத்தபோது
எனக்கு முன்னால் அவரே குனிந்தார்.
இம்முறை ஒரு கண்ணை மூடத் தெரிந்திருந்தது.
எத்தனை என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
மகள் சுவரிலிருந்த நாட்காட்டியை,
அதிலிருந்த கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் இரண்டு பேருடைய சதைத்துணுக்கையும்
அந்தனானரிவோவுக்கு அனுப்பப் பெட்டி கட்டினேன்.
கட்டக் கிடைப்பது இங்கே சீசல் கயிறுதான்.
முடிச்சை இறுக்கும்போது
ஆள்காட்டி விரலில் என்னவோ சுருக்கென்றது.
சன்னலுக்குப் போய்ப் பிடித்துப் பார்த்தேன்.
பிசிறு. வெறும் நார்.
விளக்கைப் போட்டு
இன்னொரு முறை பார்த்தேன்.